டிஸ்சார்ஜ் தாளில் 'அபார்ஷன்' என்று இருக்கிறது, நான் கலைக்கவில்லை டாக்டர்

கொங்குப் பகுதியிலிருந்து 26 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகி ஒன்றரை வருடம். கணவருக்கு வளைகுடாவில் வேலை. அவர் விடுமுறைக்கு வந்து திரும்பிய பிறகு இவருக்கு நாள் தள்ளிப்போனது. 6 வாரம் 3 நாளில் எடுத்த முதல் ஸ்கேனில் கரு 6 மில்லிமீட்டர், இதயத் துடிப்பு இருந்தது. மாமியார் அக்கம்பக்கமெல்லாம் இனிப்பு கொடுத்திருக்கிறார். எட்டு வாரம் முடிந்ததும் இவர் அம்மா வீட்டுக்குப் போனார். 9 வாரம் 3 நாளில் லேசாகப் பழுப்பு நிறத்தில் பட்டதால் அங்கேயே ஒரு மருத்துவமனைக்குப் போனார். கரு 11 மில்லிமீட்டர், துடிப்பு இல்லை. மறுநாள் காலை இன்னொரு மருத்துவர் ஸ்கேன் செய்து அதையே உறுதிப்படுத்தினார். பிறகு மாத்திரை வைத்து, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். கணவருக்கு அன்றைக்கே போனில் சொல்லியாயிற்று. அவரும் அழுதார், தேற்றினார்.

பத்து நாள் கழித்து, இன்ஷூரன்ஸுக்காக டிஸ்சார்ஜ் தாளைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டதில்தான் பிரச்சினை. அதில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று இருந்தது. நாத்தனார் மகன், பொறியியல் படிக்கிற பையன், போனில் மொழிபெயர்த்துப் பார்க்க, 'கருக்கலைப்பு' என்று வந்திருக்கிறது. 'மிஸ்டு' என்றால் தவறிப்போனது. ஆக, அம்மா வீட்டில் மாத்திரை போட்டுக் கலைக்கப் பார்த்திருக்கிறாள், அது சரியாக நடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று அவன் விளக்கம் சொல்லிவிட்டான். தாளில் இருந்த மாத்திரையின் பெயரை இணையத்தில் தேடினால் அதுவும் 'கருக்கலைப்பு மாத்திரை' என்றே வந்தது. "துடிச்சிட்டிருந்த குழந்தையக் கலைச்சிட்டா" என்று மாமியார் உறவுக்காரர்களிடம் சொல்கிறார். விஷயம் தெளிகிற வரைக்கும் அம்மா வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்த வக்கீல் ஒருவர், கணவனுக்குத் தெரியாமல் கலைத்தால் விவாகரத்து வாங்கலாம் என்றாராம். கணவர் கேட்பது ஒன்றுதான்: "அப்புறம் ஏன் அபார்ஷன்னு போட்டிருக்காங்க?" இவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலோ, 'அபார்ஷனுக்கு லீவு கிடையாது, மிஸ்கேரேஜுக்குத்தான் உண்டு' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா, திருத்தித் தரச் சொல்லலாமா, அம்மா சொல்வதுபோல் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா, உயிரோடு இருந்ததைத்தான் எடுத்துவிட்டார்களா, கல்யாண வீட்டில் பப்பாளி சாப்பிட்டதும் ஸ்கூட்டியில் போனதும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறார். கடிதத்தோடு ஸ்கேன் அறிக்கைகள், டிஸ்சார்ஜ் தாள் இரண்டையும் இணைத்தது நல்லதாகப் போயிற்று.

சகோதரி, முதலில் உங்கள் கணவரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. டாக்டர் தப்பாக எழுதவில்லை. நாங்கள் படித்த புத்தகத்தில் 'அபார்ஷன்' என்றால், குழந்தை வெளியே வந்து பிழைக்கக்கூடிய காலத்துக்கு முன்பே கர்ப்பம் முடிந்துபோவது. அது தானாக முடிந்ததா, யாராவது முடித்தார்களா என்பது அந்தச் சொல்லில் கிடையாது. அதைச் சொல்ல முன்னால் இன்னொரு சொல் வரும். தானாக நடந்தால் 'ஸ்பான்டேனியஸ்'. ரத்தம் படுகிறது, ஆனால் கரு நன்றாக இருக்கிறது என்றால் 'த்ரெட்டன்ட்'. இந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முழு மாதம் சுமந்து பிள்ளை பெறுகிறார்கள். பாதி வெளியேறி மீதி தங்கிவிட்டால் 'இன்கம்ப்ளீட்'. கருவின் வளர்ச்சி நின்றுபோய், உடம்புக்கு அது தெரியாமலே கரு உள்ளேயே தங்கியிருந்தால் 'மிஸ்டு'. உங்களுக்கு நடந்தது இந்தக் கடைசி வகை. யாரோ முயற்சி செய்து தவறிப்போனது என்று அதற்கு எந்த மருத்துவ அகராதியிலும் பொருள் இல்லை. பெண்ணின் விருப்பத்தின்பேரில் செய்யும் கலைப்பை எழுதும்போது நாங்கள் பெரும்பாலும் 'எம்டிபி' (மெடிக்கல் டெர்மினேஷன் ஆஃப் பிரெக்னன்சி) என்று எழுதுவோம். உங்கள் தாளில் அந்த மூன்றெழுத்து எங்குமே இல்லை.

தெருவில் அதே சொல்லுக்கு வேறு பொருள் என்பது உண்மைதான். அபார்ஷன் என்றால் வேண்டாம் என்று கலைப்பது; தானாகப் போனால் மிஸ்கேரேஜ். இங்கிலாந்திலும் பெண்கள் இதே வலியைப் பட்டார்கள். 1985-ல் அங்கே சில மகப்பேறு மருத்துவர்கள் 'லான்செட்' இதழுக்குக் கடிதம் எழுதி, தானாகக் கரு போனவர்களின் தாளில் இனி 'மிஸ்கேரேஜ்' என்றே எழுதலாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மெல்ல மெல்ல அங்கே வழக்கம் மாறியது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களும், உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய்ப் பட்டியலும் பழைய சொல்லையே வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் 'மிஸ்டு அபார்ஷன்' என்பது ஓ02.1 என்ற தனிக் குறியீடு. கலைப்புக்கு வேறு எண். இன்னும் கொடுமை ஒன்று உண்டு: திரும்பத் திரும்பக் கரு போகிறவர்களுக்கு அதே பட்டியலில் 'ஹேபிச்சுவல் அபார்ட்டர்' என்று பெயர். கலைப்பதே பழக்கமாகப் போனவள் என்று படித்துவிட்டு ஒரு பெண் எவ்வளவு நொறுங்கிப்போவாள்! இந்த விஷயத்தில் எங்கள் துறை மேல்தான் எனக்குக் கோபம். தாளைக் கொடுக்கும்போது தமிழில் இரண்டு வரி சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

தமிழில் இதை எளிதாகப் பிரித்துவிடலாம். கரு கலைந்தது வேறு, கருவைக் கலைத்தது வேறு. உங்கள் கணவருக்குப் போனில் சொல்வதென்றால் இவ்வளவே போதும்: தாளில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் 'கரு கலைந்தது'. போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு அதைக் 'கலைத்தது' என்று மாற்றிவிட்டது.

ஸ்கேன் அறிக்கை என்ன சொல்கிறது

சொல்லை வைத்து எவ்வளவு வாதாடினாலும், சந்தேகப்படுகிறவர்கள் 'டாக்டரைச் சரிக்கட்டிவிட்டாள்' என்று சொல்லலாம். ஆகவே அளவைப் பாருங்கள். இந்த வாரங்களில் கரு ஏறக்குறைய நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். 6 வாரம் 3 நாளில் உங்கள் கரு 6 மில்லிமீட்டர்; சரியான அளவு. 9 வாரம் 3 நாளில் அது 25 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் ஸ்கேனில் இருந்தது 11. அது ஏழு வாரம் சொச்சத்துக்கான அளவு. அதாவது, நீங்கள் மருத்துவமனைக்குப் போவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே வளர்ச்சி நின்றுவிட்டது. எட்டு வாரம் முடிந்த பிறகுதான் அம்மா வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வளர்ச்சி நின்றபோது நீங்கள் மாமியார் வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். இதை எடுத்துக்கொண்டு அவர்கள் மேல் பழி போட்டுவிடாதீர்கள். அங்கேயும் யாரும் எதுவும் செய்யவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்க் கலைத்தாள் என்ற கதைக்கு நாள் கணக்கு இடம் கொடுக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உயிரோடு இருந்ததை எடுத்துவிட்டார்களோ என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லையென்றால், வளர்ச்சி நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால் அவசரப்படாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உங்களுடையது 11. அப்படியிருந்தும் இரண்டாவது மருத்துவர் ஒருவரை வைத்து மறுநாள் சரிபார்த்திருக்கிறார்கள். பொறுப்பாக நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

துடித்த இதயம் எப்படி நிற்கும் என்று மாமியார் கேட்பது நியாயமான கேள்விதான். துடிப்பு தெரிந்த பிறகு கரு போகிற வாய்ப்பு நன்றாகக் குறைகிறது, ஆனால் அறவே இல்லாமல் போய்விடுவதில்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படித் தானாகப் போகின்றன; அவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்துக்குள். அதில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உண்டாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்பட்ட பிழை காரணம். அது முட்டையிலும் வரலாம், விந்தணுவிலும் வரலாம், கரு பிரிந்து வளரும் முதல் சில நாட்களிலும் வரலாம். அந்தக் கரு ஏழெட்டு வாரம் வரை வளர்ந்து, துடிப்பும் காட்டி, அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிடும்.

இதற்கும் பப்பாளிக்கும் சம்பந்தம் இல்லை. காய்ப் பப்பாளியின் பாலில் இருக்கும் பொருள் எலிகளின் கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதாக ஆய்வக ஆராய்ச்சி உண்டு. கல்யாணப் பந்தியில் இரண்டு துண்டு பழுத்த பப்பாளி சாப்பிட்டதை அதோடு சேர்க்க முடியாது. ஸ்கூட்டியும் அப்படித்தான். ரோட்டில் குலுங்கிக் கரு விழும் என்றால் நம் ஊர் ரோடுகளில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டோம். மாடி ஏறியது, பாரம் தூக்கியது, கணவன் மனைவி சேர்ந்திருந்தது, போனில் சண்டை போட்டது எதுவும் காரணமில்லை. இரவெல்லாம் அந்த நாட்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்த மாத்திரை

பையன் தேடிப் பார்த்தது மிசோப்ரோஸ்டால். அது முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மாத்திரை. இன்றைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்த, பிரசவ வலியைத் தூண்ட, கர்ப்பப்பை வாயை இளக்க என்று பல வேலைக்கு அதைக் கொடுக்கிறோம். கலைப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம், அதை மறைப்பானேன். உங்களுக்குக் கொடுத்தது, துடிப்பு நின்ற கருவை எடுப்பதற்கு முன்னால் வாயை இளக்க. கத்தி டாக்டர் கையிலும் இருக்கிறது, திருடன் கையிலும் இருக்கிறது. எப்போது, எதற்காக என்று தேதியைப் பார்க்க வேண்டும்: இரண்டு ஸ்கேன்கள் முதலில், மாத்திரை அதற்குப் பிறகு. அதனால், 'மாத்திரையே போடவில்லை என்று சொல்லிவிடலாமா' என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், வேண்டவே வேண்டாம். அந்த ஒரு பொய் தெரிந்துவிட்டால் மற்ற உண்மையையெல்லாம் அது விழுங்கிவிடும்.

வளர்ச்சி நின்ற கருவை வெளியேற்றும் மூன்று வழிகளில் எதுவும் சரிதான் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தானாக வெளியேறட்டும் என்று காத்திருக்கலாம், மாத்திரை வைக்கலாம், உறிஞ்சி எடுக்கலாம். ரத்தப்போக்கு, தொற்று, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது. சுத்தம் செய்ததால் கர்ப்பப்பை கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தாளைக் கிழிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்

அம்மாவின் மனது புரிகிறது. ஆனால் இப்போதைக்கு ஸ்கேன் அறிக்கைகளோடு உங்கள் பக்கம் பேசுகிற முக்கியமான சாட்சி அந்தத் தாள்தான். கிழித்துவிட்டால் 'மறைக்கத்தானே கிழித்தாள்' என்பார்கள். அடுத்த கர்ப்பத்தில் என்னைப் போன்ற ஒருவர் முதலில் கேட்பதும் அதைத்தான். டாக்டரிடம் போய்ச் சொல்லை மாற்றித் தரச் சொன்னாலும் அவர் செய்யக் கூடாது. கொடுத்து முடித்த மருத்துவ ஆவணத்தைத் திருத்துவது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கு அதைவிட ஆபத்து; பின்னால் ஏதாவது வழக்கு என்று வந்தால் இரண்டு விதமான தாள்கள் இருப்பது உங்களையே திருப்பி அடிக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மருத்துவமனையின் தலைப்புத் தாளில், தமிழில், கையெழுத்து, பதிவு எண், தேதியோடு ஒரு விளக்கக் கடிதம் கேளுங்கள். இன்ன தேதி ஸ்கேனில் கருவுக்குத் துடிப்பு இல்லை என்று உறுதியானது. அதன் பிறகு சிகிச்சை அளிக்கப்பட்டது. இது தானாக ஏற்பட்ட கருச்சிதைவு, விருப்பத்தின் பேரில் செய்த கருக்கலைப்பு அல்ல. இந்த மூன்று வாக்கியம் போதும். எந்த நல்ல மருத்துவரும் மறுக்க மாட்டார். கூடவே உங்கள் முழு மருத்துவப் பதிவின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. மூன்று வருடம் வரை பாதுகாத்து வைப்பதும் அவர்கள் கடமை.

ஒன்று கவனம். நாத்தனாரோ மாமியாரோ நேரே அந்த மருத்துவமனைக்குப் போய் விசாரித்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் சொல்ல மருத்துவமனைக்கு உரிமை இல்லை. தாளை இனிக் குடும்ப வாட்ஸப்பில் போடாதீர்கள். கணவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், அதுவும் ஸ்கேன் அறிக்கைகளோடு சேர்த்து.

விவாகரத்து என்று மிரட்டுவது

நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இந்த வாதத்தை என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். அந்த வக்கீல் சொன்னதற்கு ஒரு மூலம் இருக்கிறது. 2007-ல் ஒரு விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், மனக்கொடுமைக்கு உதாரணங்கள் சொல்லும்போது, மருத்துவக் காரணம் இல்லாமல் அல்லது கணவரின் சம்மதமோ அறிவோ இல்லாமல் மனைவி கருவைக் கலைப்பதையும் சேர்த்தது. அதில் 'கலைப்பது' என்பதுதான் விஷயம். உங்களுக்குத் தானாகப் போயிருக்கிறது, மருத்துவக் காரணம் தாளில் இருக்கிறது, கணவருக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் போன் அழைப்பின் பதிவையும் அன்றைய குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 'நான் அந்த மாதிரிப் பொண்ணு இல்ல' என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்து, பதிவு பெற்ற மருத்துவர் செய்தால், வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும்; கணவர் கையெழுத்து தேவையில்லை. 2021-ல் வந்த திருத்தம் அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. உடல்நிலை, வறுமை, வன்முறை என்று எத்தனையோ காரணத்துக்காக அந்த முடிவை எடுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நடந்தது வேறு என்று நீங்கள் சொல்வது சரி, சொல்லத்தான் வேண்டும். அதற்காக அவர்களைக் கீழே தள்ளி உங்களை நிரூபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் சேர்க்க மாட்டோம் என்பது தொடர்ந்தால், அல்லது அடி, மிரட்டல் என்று போனால், 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், உங்கள் கணவர் கதவைச் சாத்தவில்லை. புரியாமல் கேள்வி கேட்கிறார். அவருக்கும் அது பிள்ளைதான். நோட்டீஸ், போலீஸ் என்று போவதற்கு முன்னால், உங்கள் டாக்டரிடம் நேரம் வாங்கி, வீடியோ அழைப்பில் அவரையும் சேர்த்து, அந்த 6, 11 கணக்கை டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். மாமியார் வருகிறேன் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள். இனிப்பு கொடுத்த இடத்திலெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் மேலாவது பழி போட்டால்தான் அது முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் செய்ததை நியாயப்படுத்தவில்லை, எதிரே உட்கார்ந்து பேசும்போது நினைவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

கம்பெனி விடுப்பு

இது சுலபம், கம்பெனி சொன்னது தவறு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, கரு தானாகப் போனாலும் சரி, மருத்துவ முறையில் கலைத்தாலும் சரி, அந்த நாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே தாளில் எந்தச் சொல் இருந்தாலும் விடுப்பு மறுக்க முடியாது. இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்த ஆறு வாரப் பணத்தை இஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம், டிஸ்சார்ஜ் தாளின் நகலோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

வேடிக்கை என்னவென்றால், குற்றவியல் சட்டம் இந்தச் சொற்களைத் தலைகீழாக வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 312, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 88, இரண்டிலும் சட்டவிரோதமாகக் கருவைக் கலைக்கும் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் 'மிஸ்கேரேஜ்' என்ற சொல்தான் வருகிறது. உங்கள் கம்பெனி மேலாளர் நல்ல சொல் என்று நினைத்துக்கொண்டிருப்பதை வைத்துத்தான் சட்டப் புத்தகம் குற்றத்தை எழுதியிருக்கிறது!

யாரும் பார்க்காமல் விட்ட வரி

எல்லோரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதில், அதே தாளின் மேல் மூலையில் இருந்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் ரத்த வகை பி நெகட்டிவ். அப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தால், அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாயின் உடம்பு எதிர்க்காமல் இருக்க, 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி போடுவது நம் ஊரில் வழக்கம். பன்னிரண்டு வாரத்துக்கு முன் அவசியமில்லை என்று சில வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் சமீபமாகச் சொல்கின்றன. எப்படியிருந்தாலும், போட்டார்களா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளில் அது இல்லை. மருந்துச் சீட்டுகளையும் பில்லையும் பாருங்கள், விலை கூடிய ஊசி என்பதால் பில்லில் தனியாகத் தெரியும். விளக்கக் கடிதம் வாங்கப் போகும்போது இதையும் கேளுங்கள். போடவில்லை என்றால் பதற வேண்டாம், 'இன்டைரக்ட் கூம்ப்ஸ்' என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம். கணவருடைய ரத்த வகையும் நெகட்டிவாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. அவருடையது என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை.

ரத்தப்போக்கு எட்டு நாளில் நின்று, ஐந்தாவது வாரம் மாதவிலக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். நல்ல அறிகுறி. அடுத்த குழந்தைக்கு எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். உலக சுகாதார அமைப்பு 2005-ல் ஆறு மாதம் என்றது. பிறகு ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்குப் பாதகம் எதுவும் இல்லை, அவர்கள் நிலை நன்றாகவே இருந்தது. ஆக, உடம்பும் மனதும் தயார் என்றால் போதும். இப்போதே ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பித்துவிடுங்கள், தைராய்டும் சர்க்கரையும் ஒரு முறை பாருங்கள். ஒரே ஒரு முறை போனதற்காகப் பெரிய பெரிய பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இதே நிலை நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியிருந்தால் கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தடுப்பூசிக்கு வரச்சொல்லி அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு அழைப்பும் உங்களைக் குத்தும். அடுத்த கர்ப்பத்தின் அட்டையில் 'ஜி2 பி0 ஏ1' என்று எழுதுவார்கள். இரண்டாவது கர்ப்பம், பிரசவம் இன்னும் இல்லை என்பது ஜி2, பி0; அந்த 'ஏ' இதே அபார்ஷன்தான். தானாகப் போனது, கலைத்தது, குழாயில் தங்கிய கர்ப்பம் எல்லாவற்றையும் அந்த ஒற்றை எழுத்தில்தான் நாங்கள் எண்ணுகிறோம். அட்டையை மாமியார் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே அதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.